வாசலிலிருந்து கழிப்பறை வரை
பெருமூளை வாதம் உள்ள பிள்ளையின் நடையும் சமநிலையும்: பெற்றோருக்கான ஒரு பாடம்

ஹந்தானை வீதி கண்டி தேசிய வைத்தியசாலையின் பக்கமாகத் தொடங்கி மலையில் ஏறுகின்றது. ஏறத்தாழ நான்கு கிலோமீற்றர் போனால், 1925ஆம் ஆண்டு கட்டப்பட்டு, 2001 முதல் நூதனசாலையாக இருக்கும் பழைய தேயிலைத் தொழிற்சாலை வரும். உல்லாசப் பயணிகள் வாகனங்களில் ஏறிச் செல்லும் அந்த வீதியில், ஆறு வயதுப் பெண்பிள்ளையை இடுப்பில் சுமந்தவாறு ஒரு தாய் வைத்தியசாலைக்கு இறங்கி வருவதை நாம் பல தடவை கண்டிருக்கின்றோம். திமிர்வாதக்காரனை நால்வர் சுமந்து வந்ததாக வேதாகமத்தில் வாசிக்கின்றோம். இங்கே சுமப்பவர் ஒருவர்தான். அன்றைய கொழுந்துச் சம்பளமும் அவருக்கு இல்லை.

அந்தக் குடும்பத்தின் வீட்டுக்கு நாம் சென்றபோது பிள்ளையின் அம்மாயிதான் முதலில் பேசினார். "மூணு வருஷமா காலுக்கு எண்ணெய் போட்டு உருவித்தான் விடுறேன். கால் இன்னும் இறங்கலையே" என்றார். காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம். அந்தப் பாசத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அந்த இரண்டு மணி நேரமும் பிள்ளை படுத்துக் கிடந்தது, உழைத்தது அம்மாயி. இந்தப் பாடம் முழுவதும் நாம் சொல்லப் போவது இதைத்தான்: நடை என்பது பிள்ளை தானே செய்து பழக வேண்டிய வேலை. அதை மற்றவர் பிள்ளைக்காகச் செய்துவிட முடியாது.

முதலில் நோயைப் பற்றிச் சிறிது. பெருமூளை வாதம் கால்களில் வரும் நோய் அல்ல. பிறப்பதற்கு முன்போ, பிறக்கும் போதோ, பிறந்த முதல் ஒன்றிரண்டு வருடங்களிலோ மூளையின் ஒரு பகுதிக்கு ஏற்பட்ட சேதம் அது. குறைமாதப் பிறப்பு, பிறக்கும்போது மூச்சுத் திணறல், கடுமையான மஞ்சட் காமாலை, மூளைக்காய்ச்சல் ஆகியவை அறியப்பட்ட காரணங்களுட் சில. பல பிள்ளைகளில் காரணம் இன்னதென்று சொல்ல முடிவதில்லை. கிரகணம், செய்வினை, தாயின் பாவம் ஆகியவற்றுக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. மூளையில் ஏற்பட்ட சேதம் பின்னர் கூடுவதில்லை. ஆனால் பிள்ளை வளர வளர, இறுகிய தசை எலும்பின் வளர்ச்சிக்கு ஈடுகொடுக்க மாட்டாமல் குதிகால் மேலெழும், முழங்கால் மடங்கும், இடுப்பு மூட்டு விலகும். ஆகவே "மூளை நோய்தானே, செய்வதற்கு ஒன்றுமில்லை" என்று இருந்துவிட்டால் நிலைமை தானாகவே மோசமாகும்.

என் பிள்ளை நடக்குமா? எல்லாப் பெற்றோரும் எம்மிடம் கேட்கும் கேள்வி இது. ஆறுதலுக்காகப் பொய் சொல்வது சரியல்ல. 1997இல் கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் இப்பிள்ளைகளின் இயக்கத்தை ஐந்து படிகளாக வகுத்தார்கள். முதற் படியிலுள்ள பிள்ளை எங்கும் நடக்கும். ஓடும்போதும் பாயும்போதும் மட்டும் தடுமாறும். இரண்டாம் படிப் பிள்ளை நடக்கும். ஆனால் படிக்கட்டில் கைப்பிடி வேண்டும், கரடுமுரடான நிலத்தில் சிரமப்படும். மூன்றாம் படியில் கைத்தடியோ நடைச்சட்டகமோ பிடித்து நடக்கும். நான்காம் படியில் ஆள் உதவியோடு சில அடிகள். தூரம் போகச் சக்கர நாற்காலி வேண்டும். ஐந்தாம் படியில் தலையை நிமிர்த்தி வைத்திருப்பதே பெரும் பாடு. இரண்டு வயதுக்குள் பிடிக்காமல் உட்காரும் பிள்ளை பெரும்பாலும் ஏதோ ஒரு விதத்தில் நடக்கும். நான்கு வயதாகியும் உட்கார முடியாத பிள்ளை தனியே நடப்பது அரிது.

அதே ஆராய்ச்சியாளர்கள் 657 பிள்ளைகளைப் பல வருடங்கள் கவனித்து 2002இல் இன்னொன்றையும் வெளியிட்டார்கள். உடலை அசைக்கும் ஆற்றலில் தான் எட்டக்கூடியதன் பத்தில் ஒன்பது பங்கை இப்பிள்ளைகள் ஏறத்தாழ ஐந்து வயதுக்குள் எட்டிவிடுகின்றார்கள். கடும் பாதிப்புள்ளவர்கள் அதற்கும் முன்பே. ஆகவே, பிள்ளைக்கு ஒன்பது மாதமாகியும் உட்காரவில்லை, ஒரு கையை மட்டுமே பாவிக்கின்றது, கால்கள் கத்தரிபோல் பின்னிக்கொள்கின்றன என்றால் "அவன் அப்பனும் பிந்தித்தான் நடந்தான்" என்று காத்திருக்க வேண்டாம். குடும்ப சுகாதார உத்தியோகத்தரிடம் உடனே சொல்லுங்கள். ஐந்து வயது தாண்டிவிட்டது என்பவர்களும் மனம் தளர வேண்டியதில்லை. உள்ள ஆற்றலை நன்றாகப் பாவிக்கப் பழகுவதற்கு வயது எல்லை கிடையாது. நாம் சொல்லும் பிள்ளைக்கு ஆறு வயது.

சாதாரணக் குழந்தை எப்படி நடை பழகுகின்றது? 2012இல் நியூயோர்க்கில் இதை எண்ணிப் பார்த்தார்கள். தத்தித் தத்தி நடக்கும் ஒரு குழந்தை மணிக்குச் சராசரி 2,368 அடிகள் வைக்கின்றது. 17 தடவை விழுகின்றது. விழுந்து எழும்பி, திரும்பி, குனிந்து, வாசற்படியைத் தாண்டி மூளைக்குப் பாடம் சேர்க்கின்றது. இப்போது எமது பிள்ளையை நினைத்துப் பாருங்கள். நாள் முழுவதும் ஆளின் இடுப்பில், அல்லது பாயில். ஒரு தடவையும் விழுவதில்லை. ஆகவே ஒரு தடவையும் சமநிலை பழகுவதில்லை. நடக்கச் சிரமப்படும் பிள்ளைக்கு மற்றப் பிள்ளைகளை விடக் கூடிய பயிற்சி அல்லவா கிடைக்க வேண்டும்? நாமோ இருந்ததையும் பறித்துவிடுகின்றோம்.

முன்னாளில் சிகிச்சையாளரின் கைத்திறமையே பெரிதென எண்ணப்பட்டது. பிள்ளையைப் பிடித்து, மடக்கி, நீட்டி, சரியான அசைவை ஊட்டலாம் என்பது நம்பிக்கை. அவுஸ்திரேலியாவின் அயோனா நொவாக் என்பவரும் அவரது குழுவினரும் 2013இலும் 2020இலும், அதுவரை நடந்த ஆராய்ச்சிகளை ஒன்றுசேர்த்துப் பரிசீலித்தார்கள். பிள்ளை சும்மா இருக்க மற்றவர் நீட்டி மடக்குவதால் நிலையான பலன் கிடைப்பதாகத் தெரியவில்லை. பிள்ளை தான் விரும்பும் ஒரு காரியத்தை, அது நடக்க வேண்டிய இடத்திலேயே, தானே முயன்று, திரும்பத் திரும்பச் செய்வதால்தான் பலன். அப்படியொரு குறிக்கோளை எட்டுவதற்கு ஏறத்தாழ 14 முதல் 25 மணி நேரப் பயிற்சி வேண்டும் என்று வேறோர் ஆய்வு மதிப்பிட்டது. நாளொன்றுக்கு அரை மணி நேரம் என்றால் ஒரு மாதம் தொடக்கம் ஏழெட்டுக் கிழமைகள் வரை. தோட்டத்து வீட்டிலும் இதற்கு இடமுண்டு, முகாமிலும் இடமுண்டு.

அந்தப் பிள்ளையிடம் "உனக்கு என்ன செய்ய விருப்பம்?" என்று கேட்டோம். "பள்ளிக்கூடம் போக" என்று சொல்லும் என எதிர்பார்த்தோம். "கக்கூசுக்குத் தனியாப் போகணும்" என்றது. அதன் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். வீட்டில் ஒருவரும் அதுவரை அதை அதனிடம் கேட்டதில்லை. பெண்பிள்ளை, உடம்பு பாரமாகிக்கொண்டு வருகின்றது, இன்னும் ஐந்தாறு வருடங்களில் யார் தூக்குவது? தாயின் முதுகு இப்போதே நோகின்றது. வாசலிலிருந்து கழிப்பறைக்குப் பெரியவர் நடையில் இருபத்திரண்டு அடிகள். இடையில் ஒரு கான், இரண்டு கற்படிகள், சிறு சரிவு. அதுவே எமது பாடத்திட்டமாயிற்று.

தகப்பன் இரண்டு நாளில் மூங்கில் வெட்டிக் கைப்பிடி கட்டினார். செய்முறை இது: நிமிர்ந்து நிற்கும்போது பிள்ளையின் முழங்கை சற்றே மடங்கியிருக்கும் உயரத்தில் கம்பு வர வேண்டும். அதைவிட உயர்ந்தால் தோளில் தொங்கும், தாழ்ந்தால் கூனும். கால் ஊன்றுகோல்களை ஒன்றரை அடி ஆழத்தில் புதைத்துக் கல்லிட்டு இறுக்குங்கள். மூங்கிலின் கணுக்களைச் சீவி, சிராய் இல்லாமல் தேய்த்துவிடுங்கள். கயிறு கட்ட வேண்டாம், அது ஆடும். தொடக்கத்தில் இருபக்கமும் கம்பு வேண்டும். பின்னர் ஒரு பக்கம் போதும். கானின் மேல் அகலமான பலகை ஒன்று போட்டு, வழுக்காதிருக்கக் கோணிச் சாக்கை ஆணி அடித்துப் பொருத்தினார். மழை நாளில் அந்தப் புல்லில் அட்டைக் கடி வேறு. பாதையைச் செதுக்கியது அந்தப் பிள்ளைக்கு மட்டுமல்ல, லயத்துக்கே வசதியாயிற்று.

ஆனால் கம்பு கட்டிய அன்றே நடக்கவில்லை. நிற்கப் பலம் வேண்டும். வாங்கில் உட்கார்ந்து எழும்பும் பயிற்சியை அதற்கென்று தொடங்கினோம். இரு பாதங்களும் முழுவதாக நிலத்தில் படும் உயரமான வாங்கு ஒன்றை எடுங்கள். பிள்ளை பாதங்களைச் சற்றே பின்னுக்கு இழுத்து, மூக்கை முழங்காலுக்கு முன்னே கொண்டுவந்து, எழும்ப வேண்டும். மெதுவாக இருக்க வேண்டும். பத்துத் தடவை, பின்பு இளைப்பாறல். இப்படி மூன்று சுற்று. கிழமைக்கு மூன்று நாட்கள். இலகுவாகிவிட்டால் தாழ்வான வாங்கு, அல்லது முதுகுப் பையில் சிறிது மணல். இழுத்துத் தூக்காதீர்கள். எழும்ப முடியாவிட்டால் வாங்கு தாழ்ந்துவிட்டது என்று அர்த்தம்; ஒரு செங்கல் வைத்து உயர்த்துங்கள்.

சமநிலைக்கு இரண்டு சுவர்கள் சந்திக்கும் மூலை நல்ல ஆசிரியர். மூலையில் முதுகு காட்டி நிற்க வைத்து, சுவரிலிருந்து அரைச் சாண் முன்னே வரச் சொல்லுங்கள். விழுந்தால் சுவர் தாங்கும். அந்த நிலையில் வெறுமனே நிற்பது சலிப்பு. கையில் வேலை கொடுங்கள். தாழ்வாகக் கட்டிய கொடியில் துணி போடலாம். பந்தலில் தோளுயரத்தில் தொங்கும் போஞ்சியைப் பறிக்கலாம். கோழிக்கு இரை வீசலாம். ஒரு பக்கம் சாய்ந்து எட்டும்போதுதான் உடல் தன்னைத் தாங்கப் பழகுகின்றது. அடுத்து வாங்கைப் பிடித்தவாறு பக்கவாட்டில் நடத்தல், நாலங்குலப் பலகை மேல் ஒரு காலை வைத்து எடுத்தல், விளக்குமாற்றைத் தாண்டுதல். பல கமக்காரக் குடும்பங்களில் பிள்ளைக்கு வேலை கொடுப்பது பாவம் என்று நினைக்கின்றார்கள். சிறு வாளியில் கால்வாசித் தண்ணீர் சுமந்து கத்தரிக் கன்றுக்கு ஊற்றிய நாளில்தான் அந்தப் பிள்ளையின் முகத்தில் முதன்முறை ஒரு பெருமையைக் கண்டோம்.

நடக்க உதவும்போது பெரியோர் செய்யும் பொதுவான தவறு, இரு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிப் பிடிப்பது. அப்போது பிள்ளை எமது கையில் தொங்குகின்றது; தன் கால்மேல் நிற்பதில்லை. இடுப்பின் இருபுறமும் இலேசாகப் பிடியுங்கள், அல்லது பிள்ளைக்கு முன்னால் ஒரு தடியைக் குறுக்கே நீட்டி அதைப் பிடிக்கச் சொல்லுங்கள். நடைச்சட்டகம் தேவைப்படும் பிள்ளைக்கு, முன்னால் தள்ளும் சட்டகத்தை விடப் பின்னால் இழுத்து வரும் சட்டகம் உடலை நிமிர்த்தி வைக்கும். கடைகளில் விற்கும், நடுவே குழந்தையை உட்கார வைக்கும் வட்டமான சில்லு வண்டி வேண்டவே வேண்டாம். அது நுனிக்காலால் உந்தத்தான் பழக்கும். கனடா 2004இல் அதன் விற்பனையையே தடை செய்தது. எமது சரிவுகளில் அது நேரே கானுக்குள் போகும்.

படியில் ஏறும்போது பலமான கால் முன்னே. இறங்கும்போது பலவீனமான கால் முன்னே. சரிவில் இறங்குவது ஏறுவதை விடக் கடினம், ஆகவே தொடக்கத்தில் பக்கவாட்டாக இறங்கட்டும். இறப்பர்ச் செருப்பு கழன்று காலைத் தடுக்கும். குதிகாலைப் பிடித்திருக்கும் வாரும், கெட்டியான அடியும் உள்ள சப்பாத்து வேண்டும். ஸ்பிளின்ட் கொடுத்திருந்தால் அதைச் சப்பாத்துக்குள் போட்டே நடக்க வேண்டும். கழற்றியபின் தோலைப் பாருங்கள். சிவப்பு அரை மணி நேரத்திலும் மறையாவிட்டால், அல்லது பிள்ளை வளர்ந்து குதிகால் உள்ளே படியாவிட்டால், திரும்பக் கொண்டுபோய்த் திருத்துங்கள். கூரையில் செருகி வைத்த ஸ்பிளின்ட்டுகளை நாம் நிறையப் பார்த்திருக்கின்றோம். பெரும்பாலும் காரணம் பிடிவாதமல்ல, நோவு.

சில ஊர்களில் குழி தோண்டி இடுப்பளவு மண்ணில் பிள்ளையை நிறுத்தும் பழக்கம் இருக்கின்றது. முன்னோர் கண்டுகொண்ட உண்மை ஒன்று அதில் உண்டு: நிற்க முடியாத பிள்ளையையும் நிறுத்த வேண்டும். ஆனால் ஈர மண் குளிரும், அமுக்கும், பயமுறுத்தும்; கால் எப்படி முறுகி நிற்கின்றது என்று எவருக்கும் தெரியாது. அதற்குப் பதிலாக, மார்பளவு மேசையும் முழங்காலுக்கும் இடுப்புக்கும் துணிப்பட்டியும் உள்ள நிற்கும் சட்டகத்தைத் தச்சாசாரி ஒருவர் செய்து தரலாம். அளவைப் பிசியோதெரபிஸ்ட் சொல்லுவார். நான்காம், ஐந்தாம் படிப் பிள்ளைகளுக்கு இது மிக முக்கியம். அவர்கள் நடக்காமல் போகலாம். உறவினரோடு ஒரே மட்டத்தில் நின்று பேசவும், சாய்ந்துவிடாமல் உட்காரவும், பொருத்தமான சக்கர நாற்காலியில் தேவாலயத்துக்கும் பாடசாலைக்கும் போகவும் அவர்களுக்கு உரிமை உண்டு. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கின்றது. பிரதேச செயலகத்திலுள்ள சமூக சேவை உத்தியோகத்தரிடம் உதவி கேட்பது பிச்சை அல்ல.

வீட்டில் செய்ய முடியாததும் உண்டு. பெருமூளை வாதம் உள்ள பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இடுப்பு மூட்டு விலகுகின்றது. ஆரம்பத்தில் நோகாது, வெளியே தெரியாது. எக்ஸ்ரே படம்தான் காட்டும். நடக்க முடியாத பிள்ளைக்கே இந்த ஆபத்து அதிகம். துணி மாற்றும்போது தொடையை அகட்ட முடியவில்லை, ஒரு கால் குட்டையாகத் தெரிகின்றது, இரவில் அழுகின்றது என்றால் தாமதியாதீர்கள். வலிப்பு மருந்தை ஒருபோதும் நீங்களாக நிறுத்தாதீர்கள். முன்பு நடந்த பிள்ளை நடையை இழந்துகொண்டே போனால் அது வேறு நோயாகவும் இருக்கலாம்; வைத்தியரிடம் அப்படியே சொல்லுங்கள். இறுகிய தசைக்கு ஊசி, மாவுக்கட்டு, சத்திரசிகிச்சை ஆகியன உண்டு. ஆனால் அவற்றுக்குப் பின்னரும் வாங்கும் மூங்கிலும் வேண்டும்.

குடும்பத்தாரே பயிற்சியாளராகலாம் என்பது புதிய யோசனை அல்ல. உலக சுகாதார நிறுவனம் 1989இல் வெளியிட்ட சமூகப் பயிற்சிக் கைந்நூலை எழுதியவர்களுள் ஒருவர் எமது நாட்டுப் பிசியோதெரபிஸ்ட் பத்மனி மெண்டிஸ். தமிழ்நாட்டில், தென்காசிக்கு அருகே ஆய்க்குடியில் 1981இல் தொடங்கிய அமர் சேவா சங்கம், பயிற்சி பெற்ற கிராமத்துப் பணியாளர்களை வீடு வீடாக அனுப்பித் தாய்மாருக்குக் கற்றுக்கொடுக்கின்றது. கண்டியிலோ பேராதனைச் சிறுவர் வைத்தியசாலையிலோ உள்ள பிசியோதெரபிஸ்ட்டை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மட்டுமே காண முடிந்தாலும் சரி, "பிள்ளைக்கு என்ன செய்வீர்கள்?" என்று கேட்பதை விட்டு, "அடுத்த முறை வரும்வரை நாங்கள் வீட்டில் எதைப் பழக்க வேண்டும்?" என்று கேளுங்கள். முடிந்தால் தகப்பனும் கூடப் போகட்டும். அளந்து கம்பு நாட்டப் போவது அவர்தானே.

இடம்பெயர்ந்தவர்களுக்குத் தனியாகச் சிலவற்றைச் சொல்ல வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின்போது கண்டி மாவட்டத்தில் பல இடங்களில் மலை சரிந்தது. வீட்டோடு ஸ்பிளின்ட், கிளினிக் கொப்பி, நிற்கும் சட்டகம் எல்லாம் போயின. பாடசாலை மண்டபங்களின் வழுவழுப்பான சீமெந்துத் தரையில், கூட்டத்தின் நடுவே, பழகிய நடையையும் பிள்ளைகள் விட்டுவிட்டார்கள். பாதுகாப்புக்காகப் பிள்ளையை மூலையில் பாயிலேயே வைத்திருப்பது இயல்பு. ஆனால் சில கிழமைகளிலேயே தசை சுருங்கும். ஆகவே முகாமில் சேர்ந்த முதல் நாளே மூன்று காரியம் செய்யுங்கள். பிள்ளையின் நிலையைக் கிராம உத்தியோகத்தரிடமும் குடும்ப சுகாதார உத்தியோகத்தரிடமும் பதியுங்கள். கழிப்பறைக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் கிட்ட, சுவரோரமாக இடம் கேளுங்கள். பிள்ளை பிடித்து நடக்க ஒரு வரிசை வாங்குகளை அந்தச் சுவரோரம் போடுங்கள். ஈரத் தரையில் சாக்கு விரியுங்கள். மீண்டும் எச்சரிக்கை வந்தால் யார் பிள்ளையைத் தூக்குவது, யார் ஸ்பிளின்ட்டையும் மருந்தையும் எடுப்பது என்று இப்போதே ஆளைக் குறித்து வையுங்கள்.

அந்தப் பெண்பிள்ளை முதற் கிழமையில் வாசற்படியைத் தாண்டவில்லை. மூன்றாம் கிழமையில் கான் பலகை வரை போய், அங்கே உட்கார்ந்து அழுதது. அம்மாயி ஓடிப்போய்த் தூக்கிவந்தார். அதற்காக வீட்டில் ஒரு சண்டையும் நடந்தது. "விழுந்து மண்டை ஒடைஞ்சா நீங்களா வருவீங்க?" என்று எம்மைக் கேட்டார். நியாயமான கேள்வி. கானோரத்துக் கற்களை அகற்றி, விழக்கூடிய இடங்களில் மண்ணைக் கொத்தி மிருதுவாக்கிய பிறகுதான் அவர் சம்மதித்தார். ஒன்பதாம் கிழமையில் இருபுறமும் பிடித்துப் போய் வந்தது. ஒரு பக்கக் கம்பு போதுமென்றாக இன்னும் நான்கு மாதங்கள் எடுத்தன. இரண்டாவது கற்படியில் இன்றும் நின்று மூச்சு வாங்கித்தான் ஏறும். மழையிருட்டில் யாராவது கூடப் போக வேண்டும். அம்மாயி இப்போதும் எண்ணெய் போடுகின்றார், ஆனால் இராத்திரியில், பிள்ளை நடந்து களைத்த பின்பு.

குழுவாகச் செய்வதற்கு:
உங்கள் பகுதியில் நடக்கச் சிரமப்படும் பிள்ளை இருக்கும் ஒரு வீட்டைத் தெரிவு செய்யுங்கள். என்ன செய்ய விருப்பம் என்று முதலில் பிள்ளையிடமே கேளுங்கள். பேச முடியாத பிள்ளையாயின் அது எதைப் பார்த்துக் கைநீட்டுகின்றது என்று கவனியுங்கள். பின்னர் வாசலிலிருந்து அந்த இடம் வரை எத்தனை அடி, எத்தனை படி, எங்கே கான், எங்கே வழுக்கல் என்று அளந்து ஒரு கடதாசியில் வரையுங்கள். பிள்ளையின் முழங்கை உயரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். கம்பு தருபவர் யார், ஊன்றுகோல் நாட்டுபவர் யார் என்பதை அந்தக் கூட்டத்திலேயே பேசி, நாளையும் குறித்துக்கொண்டு கலையுங்கள்.